வடிக்காத தண்ணீரில்தான் சாஸ் இருக்கிறது

கடந்த இதழில் ஒரே பாத்திரத்தில் சமைத்து முடிக்கக்கூடிய இரவு உணவுகளைப் பற்றி எழுதியபோது, க்ரீம் பாஸ்தாவுக்கு ஒரு பத்தி மட்டுமே ஒதுக்கியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பத்தியைப் பற்றியவையாகவே இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரே பாத்திரத்தில் பாஸ்தா செய்தால் ஒரு நாள் கஞ்சியாகிவிடுகிறது. இன்னொரு நாள் கரண்டியில் அள்ள முடியாத கட்டியாகிவிடுகிறது. அளவையும் செய்முறையையும் தெளிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: பாஸ்தாவைத் தனியே வேகவைக்கும் வழக்கமான முறையில் 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வைத்து, வெந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். அங்கே தண்ணீர் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஒரே பாத்திரத்தில் சமைக்கும்போது நாம் வடித்துக் கொட்டுவது ஒரு சொட்டும் இல்லை. ஊற்றியதில் ஒரு பங்கைப் பாஸ்தா குடித்துக்கொள்கிறது, ஒரு பங்கு ஆவியாகிறது, எஞ்சியது பாஸ்தாவிலிருந்து கரைந்து வந்த மாவுச்சத்தோடு கலந்து சாஸாகிறது. உங்களுக்குப் பதம் ஒரு நாள் ஒருவிதமாக வருவதற்குக் காரணம், இந்த மூன்று பங்குகளில் ஆவியாகும் பங்கு தீயின் வேகத்தையும் பாத்திரத்தின் அகலத்தையும் மூடியையும் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பதுதான்.

நான்கு பேருக்கு 350 கிராம் உலர்ந்த பாஸ்தா, 850 மில்லி தண்ணீர் அல்லது காய்கறி வேகவைத்த சாறு, 250 மில்லி கொழுப்பு நீக்காத பால், 100 மில்லி க்ரீம், 75 கிராம் துருவிய சீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பாஸ்தா வெந்து முடிக்கையில் இரு மடங்குக்கு மேல் எடை கூடும் என்பதால், ஊற்றும் திரவத்தில் 400 மில்லிக்குக் குறையாமல் பாஸ்தாவுக்குள்ளேயே போய்விடும் என்பதை நினைவில் கொண்டால் இந்த அளவுகளின் கணக்கு விளங்கும். அகலமான, அடிகனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயத்தையும் நான்கு பல் பூண்டையும் நிறம் மாறாமல் மென்மையாகும் வரை வதக்குங்கள். பூண்டு பொன்னிறத்தைத் தாண்டினால் அதன் கசப்பு பால் சேர்ந்த சாஸில் தனித்துத் தெரியும். அந்த நிலையில் அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. பிறகு தண்ணீரை ஊற்றி, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைச் சேர்த்து, நன்றாகக் கொதி வந்தபின் பாஸ்தாவைப் போடுங்கள்.

போட்டதிலிருந்து முதல் இரண்டு நிமிடங்கள் அடுப்பை விட்டு நகராதீர்கள். அந்த நேரத்தில்தான் பாஸ்தாவின் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து சூட்டில் வீங்கிப் பசைபோலாகிறது. அப்போது கிளறாமல் விட்டால் துண்டுகள் ஒன்றோடொன்றும் அடிப்பாகத்தோடும் ஒட்டிக்கொள்ளும், பின்பு எவ்வளவு கிளறினாலும் முழுதாகப் பிரியாது. இந்த இரண்டு நிமிடங்களுக்குப் பின் தீயை மிதமாக்கி, மூடியைச் சாய்த்து வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை அடியைத் தொட்டுக் கிளறினால் போதும்.

எட்டாவது நிமிட அளவில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெண்ணிறப் புள்ளி ஒன்று தெரிந்து, பல்லுக்குச் சற்று எதிர்ப்புக் கொடுத்தால், பாலை ஊற்ற வேண்டிய நேரம் அதுவே. பாலைச் சூடாக்கி வைத்திருந்து ஊற்றுங்கள். சில்லென்ற பாலை ஊற்றினால் கொதி அடங்கி, மறுபடி எழுவதற்குள் பாஸ்தா ஊறிப்போகும். அதன்பின் சிறுதீயில் மூன்று நான்கு நிமிடங்கள். கொதியின் ஓசை இப்போது மாறும்: தொடக்கத்தில் சலசலவென்று கேட்டது மெல்ல அடங்கி, கனத்த குமிழிகள் ஒவ்வொன்றாக உடையும் ஒலி கேட்கும். மரக்கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நீர்ப்பதம்; ஓரிரு விநாடி அடி தெரிந்துவிட்டு மெல்ல மூடிக்கொண்டால் அடுப்பை அணைத்துவிடலாம். க்ரீமும் சீஸும் மிளகுத்தூளும் அடுப்பை அணைத்த பிறகுதான் சேர வேண்டும். பின்னர் மூடி வைத்து மூன்று நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்தில் சாஸ் இன்னும் ஒரு சுற்று கெட்டிப்படும் என்பதால், அடுப்பிலிருந்து இறக்கும்போது நீங்கள் விரும்பும் பதத்தைவிடச் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும்.

ரிசோட்டோவுக்கு அரிசியை வேகவைப்பதுபோல, திரவத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பாஸ்தாவை வேகவைக்கும் ஒரு முறை இத்தாலியில் உண்டு. அதற்கு ‘ரிசொட்டாத்தா’ என்று பெயர். நான் அதிலிருந்து ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். 850 மில்லியில் 100 மில்லியைக் கெட்டிலில் சூடாக நிறுத்திவைத்து, கடைசியில் பதம் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டுமே ஊற்றுகிறேன். தண்ணீரைச் சேர்ப்பது எளிது. ஊற்றிவிட்ட தண்ணீரை வற்றவைக்கக் காத்திருந்தால் பாஸ்தா குழைந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து மிக உயரமான இடங்களில் வசிப்பவர்களுக்கு இந்த வழக்கம் இன்னும் அவசியம். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைவதால், அங்கே பாஸ்தா வேகக் கூடுதல் நேரமும், அந்த நேரத்தில் ஆவியாவதை ஈடுசெய்யக் கூடுதல் தண்ணீரும் வேண்டியிருக்கும்.

கேள்வி: வேலையை இன்னும் எளிதாக்கலாம் என்று எண்ணி, தண்ணீருக்குப் பதிலாக முழுவதும் பாலை ஊற்றி வேகவைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. தீயைக் குறைத்திருந்தால் சரியாக வந்திருக்குமா?

பதில்: நானும் இதே தவற்றைச் செய்து, பாத்திரத்தின் அடியில் பழுப்பான தோல்போல் படிந்ததைச் சுரண்டி எடுக்க முடியாமல், அதன் புகைவாசனை முழு உணவிலும் ஏறியதால் எதையும் பரிமாற முடியாமல் போன ஓர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூடான அடிப்பாகத்தில் படிந்து எளிதில் கருகும் இயல்புடையவை. அதோடு பாஸ்தாவின் மாவுச்சத்தும் சேர்ந்தால் திரவம் கெட்டியாகி, அடியிலுள்ள சூடு மேலே பரவாமல் அங்கேயே தங்கிவிடும். தீயைக் குறைத்தால் கருகுவது தாமதமாகும், ஆனால் பாஸ்தா சீராக வேகாது. முதல் எட்டு நிமிடம் தண்ணீர், அதன்பின் பால் என்ற வரிசையைக் கைவிடாதீர்கள். பாலை முன்கூட்டியே சேர்ப்பதால் சுவையில் கூடுவது ஒன்றுமில்லை.

கேள்வி: தக்காளி சேர்த்த க்ரீம் பாஸ்தா குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நான் செய்யும்போது சாஸ் திரிந்து, சிறு சிறு துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. ஏன்?

பதில்: புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும். பாலின் பிஎச் அளவு சுமார் 6.7, தக்காளியினுடையது 4.3 முதல் 4.9 வரை. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் 4.6 என்ற அளவை நெருங்கும்போது முழுவதுமாகத் திரண்டுவிடும். சூடு கூடியிருந்தால் அவ்வளவு புளிப்பு ஏறுவதற்கு முன்பே திரளத் தொடங்கிவிடும். ஆக, கொதித்துக்கொண்டிருக்கும் தக்காளிச் சாற்றில் பாலை ஊற்றினால் அது திரியாமல் இருந்தால்தான் வியப்பு.

இதைத் தவிர்க்க, தக்காளி சேர்க்கும் நாளில் பாலை விட்டுவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் க்ரீமை மட்டும் பயன்படுத்துங்கள். கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேலுள்ள க்ரீமில் புரதம் குறைவு, கொழுப்பு மிகுதி. திரள்வதற்கு அதில் சரக்கு குறைவு என்பதால் புளிப்பையும் சூட்டையும் அது தாங்கிக்கொள்ளும். கொழுப்பு குறைத்த க்ரீம் அவ்வளவு தாங்காது. தக்காளியை முதலிலேயே வெண்ணெயில் போட்டு, பச்சை வாசனை போய்ச் சுருண்டு வரும்வரை வதக்குங்கள். பாஸ்தா வெந்து அடுப்பை அணைத்ததும், ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்த க்ரீமில் பாத்திரத்திலிருந்து இரண்டு கரண்டி சூடான சாஸை ஊற்றிக் கலக்கி, அந்தக் கலவையைத் திரும்பப் பாத்திரத்தில் சேருங்கள். பாஸ்தாவிலிருந்து கரைந்த மாவுச்சத்தும் இங்கே உங்களுக்குத் துணையாக நிற்கும். அது புரதத் துகள்களுக்கிடையே புகுந்து, அவை ஒன்றோடொன்று சேர்ந்து திரளாமல் தடுக்கிறது. எலுமிச்சைச்சாறு சேர்ப்பதாக இருந்தால் அதுவும் பரிமாறும் நேரத்தில், சில சொட்டுகள் மட்டும்.

ஏற்கெனவே திரிந்துவிட்ட சாஸ் உண்பதற்குத் தீங்கானதன்று. பழைய வழவழப்புக்கு அதைத் திருப்ப முடியாது என்றாலும், ஒரு கைப்பிடி துருவிய சீஸும் இரண்டு மேசைக்கரண்டி க்ரீமும் சேர்த்து வேகமாகக் கிளறினால் துகள்கள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: சீஸ் சேர்த்ததும் உருகிக் கலக்காமல் நூல்நூலாக இழுத்துக்கொண்டு, கரண்டியைச் சுற்றி உருண்டையாகிவிடுகிறது. எந்த சீஸ் வாங்க வேண்டும்?

பதில்: எந்த சீஸ் என்பதைவிட எந்தச் சூட்டில் என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. கொதிக்கும் சாஸில் சீஸைப் போட்டால் அதன் புரதம் இறுகிக் கட்டியாகும், கொழுப்பு எண்ணெயாகப் பிரியும். அடுப்பை அணைத்து, குமிழிகள் அடங்கும் வரை ஒரு நிமிடம் காத்திருந்து, மெல்லிய துருவலாக மூன்று தவணையில் தூவி, ஒரு தவணை முழுதாகக் கரைந்தபின் அடுத்ததைச் சேருங்கள்.

வகை என்று கேட்டால், மொசரெல்லா இழுபடுவதற்கென்றே அமைந்த சீஸ். பீட்சாவில் நாம் விரும்பும் அந்தக் குணம் இங்கே இடைஞ்சலாகிறது. இளம் செடார் நன்றாகக் கரையும். பார்மஜான் குறைந்த அளவிலேயே மிகுந்த சுவை தரும். ஆனால் அசல் பார்மஜானைத் தயாரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரளவைக்கும் ரென்னெட் பயன்படுகிறது என்பதைச் சைவ உணவு உண்போர் அறிந்திருக்க வேண்டும். அவர்கள் நுண்ணுயிரிலிருந்து பெறும் ரென்னெட்டால் செய்த கெட்டி சீஸை உறையிலுள்ள குறிப்பைப் படித்து வாங்கலாம். பதப்படுத்திய சீஸ் துண்டுகளைத் தரக்குறைவாக எண்ணிப் பலர் ஒதுக்குகிறார்கள். அவற்றில் சேர்க்கப்படும் உப்புகள் கொழுப்பும் புரதமும் பிரியாமல் பிடித்துவைப்பதால், மற்ற சீஸோடு அதில் ஒரு துண்டைச் சேர்த்தால் முழு சாஸும் வழவழப்பாக வரும். துருவியே விற்கப்படும் சீஸில் ஒட்டாமலிருப்பதற்காக ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது சாஸுக்கு லேசான சொரசொரப்பைத் தரக்கூடும் என்பதால் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: பாஸ்தாவைக் கழுவிவிட்டுப் போட வேண்டுமா? ஒட்டாமலிருக்க எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கழுவினால் சாஸுக்கு வேண்டிய மாவுச்சத்து வீணாகும், துண்டுகளும் ஒட்டும். எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்குமே தவிர ஒட்டுவதைத் தடுக்காது. தடுப்பது கிளறும் கரண்டிதான்.

கேள்வி: இந்த முறைக்கு எந்த வடிவப் பாஸ்தா ஏற்றது? ஸ்பகெட்டியில் செய்யலாமா?

பதில்: பென்னே, ஃபுசில்லி, சிப்பி வடிவம், மக்ரோனி ஆகியவை பாத்திரத்தில் அடங்கிக் கிடந்து சீராக வேகும். ஃபுசில்லியின் முறுக்குகளுக்குள்ளும் சிப்பியின் குழிக்குள்ளும் சாஸ் தங்குவதால், க்ரீம் பாஸ்தாவுக்கு இவ்விரண்டையுமே முதலில் சொல்வேன். ஸ்பகெட்டியைப் படுத்தவாக்கில் வைக்கும் அளவுக்கு அகலமான பாத்திரம் இருந்தால் செய்யலாம்; ஆனால் முதல் நிமிடங்களில் இடுக்கியால் ஓயாமல் புரட்ட வேண்டும். முட்டை சேர்த்த புதிய பாஸ்தா இரண்டு மூன்று நிமிடங்களில் வெந்துவிடும் என்பதால் இம்முறைக்குப் பொருந்தாது.

வடிவத்தைவிட மாவு முக்கியம். உறையில் டூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை டூரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்தக் கோதுமையின் புரதம் உறுதியான வலைபோல் அமைந்து மாவுச்சத்தைப் பிடித்துவைப்பதால், 12 நிமிடம் கொதித்தாலும் துண்டு உருக்குலையாமல் நிற்கிறது. சாதாரணக் கோதுமை மாவில் செய்ததோ வெளியே கரைந்து, உள்ளே வேகாமல் கஞ்சியாகும். வெண்கல அச்சில் பிழிந்த பாஸ்தா கிடைத்தால் வாங்குங்கள். அதன் மேற்பரப்பு மாவு பூசியதுபோல் சொரசொரப்பாக இருக்கும், கூடுதலாக மாவுச்சத்தை வெளிவிடும். வழக்கமான முறையில் அந்த மாவுச்சத்து பெரும்பாலும் வடிநீரோடு போய்விடுகிறது. இங்கே அது முழுவதும் நம்முடையது.

அரிசியாலோ சோளத்தாலோ செய்த, குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் இல்லாத பாஸ்தாவில் இந்த வலை கிடையாது. அதைக் கிளறக் கிளற உடையும் என்பதால், தனியே வேகவைத்துச் சாஸில் சேர்ப்பதே பாதுகாப்பு.

கேள்வி: காய்கறிகளையும் கோழியிறைச்சியையும் அதே பாத்திரத்தில் எப்போது சேர்ப்பது?

பதில்: ஒவ்வொன்றும் வேக எடுக்கும் நேரத்தைப் பாஸ்தாவின் 12 நிமிடத்தோடு பொருத்திப் பாருங்கள். சிறு துண்டுகளாக்கிய கேரட்டைப் பாஸ்தாவோடு சேர்த்தே போடலாம். ப்ரோக்கோலி கடைசி நான்கு நிமிடத்துக்கு. உறைந்த பட்டாணி கடைசி இரண்டு நிமிடத்துக்கு. பசலைக்கீரை அடுப்பை அணைத்தபின், மீதமுள்ள சூட்டிலேயே வதங்கிவிடும். காளானுக்கு மட்டும் தனி மரியாதை தேவை. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், எல்லாவற்றுக்கும் முதலில் வெண்ணெயில் பரப்பிப் போட்டு, விட்ட நீர் முழுதும் வற்றி ஓரங்கள் சிவக்கும் வரை வதக்கித் தனியே எடுத்துவைத்து, கடைசியில் சேருங்கள். நேராகத் தண்ணீரில் போட்ட காளான் ரப்பர்போல் ஆகும், சாஸையும் சாம்பல் நிறமாக்கும்.

கோழியிறைச்சியையும் அப்படியே. துண்டுகளை முதலில் பொன்னிறமாக வறுத்து எடுத்துவைத்து, பாஸ்தா முக்கால் பதம் வெந்தபின் திரும்பச் சேர்த்து, உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகவிடுங்கள். வறுத்தபின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புத் துகள்களைக் கழுவிவிடாதீர்கள். ஊற்றும் தண்ணீர் அவற்றைக் கரைத்துக்கொள்ளும், சாஸின் ஆழமான சுவை பெரிதும் அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: உப்பு எப்போதும் கூடிவிடுகிறதே?

பதில்: தண்ணீரை வடிக்கும் முறைக்குரிய அளவான லிட்டருக்கு 10 கிராம் உப்பை இங்கே போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வடிக்காத தண்ணீரில் போட்ட உப்பு முழுவதும் தட்டுக்கு வரும். சீஸின் உப்பும், கடையில் வாங்கிய சாறாக இருந்தால் அதன் உப்பும் சேரும். தொடக்கத்தில் 5 கிராம் போதும், மீதியைச் சீஸ் கரைந்தபின் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: விருந்தினர் வரும் நாளில் எட்டுப் பேருக்குச் செய்ய எல்லாவற்றையும் இரு மடங்காக்கலாமா? பிரஷர் குக்கரில் செய்வது சரியா?

பதில்: திரவத்தை மட்டும் இரு மடங்காக்காதீர்கள். பாத்திரத்தின் வாய் அகலம் இரு மடங்காவதில்லை, ஆகவே ஆவியாவதும் இரு மடங்காவதில்லை. 700 கிராமுக்கு 1.5 லிட்டர் தண்ணீரில் தொடங்கி, பால் சேர்த்தபின் பதம் பாருங்கள். அடியிலுள்ள பாஸ்தா குழைந்து மேலுள்ளது வேகாமல் நிற்கும் அபாயமும் இங்கே உண்டு. இரண்டு பாத்திரங்களில் பிரித்துச் செய்ய வசதியிருந்தால் அதுவே எனக்குப் பிடித்த வழி.

குக்கரில் செய்யலாம், ஆனால் மாவுச்சத்து நுரைத்து ஆவி வெளியேறும் துளையை அடைக்கக்கூடும் என்பதால் பாதி அளவுக்கு மேல் நிரப்பவே கூடாது. பாலையும் க்ரீமையும் மூடியைத் திறந்தபின்தான் சேர்க்க வேண்டும். பதத்தைக் கடித்துப் பார்க்க வழியில்லாத பாத்திரத்தில் பாஸ்தா செய்வது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

கேள்வி: என் மகனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. க்ரீமும் இல்லாமல் க்ரீம் பாஸ்தா சாத்தியமா?

பதில்: சாத்தியம். ரோம் நகரில் பிறந்து உலகெங்கும் பரவிய ஃபெட்டுச்சினி ஆல்ஃபிரெடோவின் மூல வடிவத்தில் க்ரீம் கிடையாது. வெண்ணெய், பார்மஜான், பாஸ்தா வெந்த தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துக் குலுக்கியே அந்த வழவழப்பை வரவழைத்தார்கள். உங்கள் மகனுக்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் மட்டுமே ஒத்துக்கொள்ளாது என்றால், நீண்ட காலம் பதமாக்கிய கெட்டி சீஸில் லாக்டோஸ் மிகக் குறைவு என்பதால் அது அவருக்கு ஏற்கலாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பால் புரதத்துக்கே ஒவ்வாமை என்றால் வெண்ணெய், சீஸ் உட்பட எதுவும் கூடாது. அப்போது 60 கிராம் முந்திரியை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மைய அரைத்துக் கடைசி மூன்று நிமிடத்தில் சேருங்கள். வதக்குவதற்கு ஆலிவ் எண்ணெய் போதும். முந்திரி விழுது சாஸை வேகமாக இறுக்கும் என்பதால் சூடான தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

கேள்வி: வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்துக்கு வருகிறார்கள். கடைசியாக வருபவருக்குக் கட்டிதான் கிடைக்கிறது. என்ன செய்வது?

பதில்: வெந்தபின்னும் பாஸ்தா சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஆற ஆற மாவுச்சத்தும் இறுகும். எனவே தாமதமாக வருபவரின் பங்கை, க்ரீமும் சீஸும் சேர்ப்பதற்கு முன், பாஸ்தா கடிபதத்தில் இருக்கும்போதே சாஸோடு தனியே எடுத்துவிடுங்கள். அவர் வந்ததும் கால் கோப்பைப் பாலை ஊற்றிச் சிறுதீயில் சூடாக்கி, கொதிப்பதற்குள் இறக்கி, அவருடைய பங்கு க்ரீமையும் சீஸையும் அப்போது சேர்த்தால், புதிதாகச் செய்ததற்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கும்.

எடுத்துவைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். வெந்த பாஸ்தாவிலும் சோற்றிலும் பெருகக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கி நிற்பவை. வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள்வரை பயன்படுத்தலாம். உறைநிலையில் வைக்க வேண்டாம். க்ரீம் பிரிந்து, பாஸ்தாவும் மாவாக உதிரும்.